அஷ்டமியன்று காலாவதியான கிஃப்ட் கார்டு

பொருளைக் கொடுக்காமல் பணத்தை மட்டும் வாங்கிக்கொண்டு, அதற்கு நன்றியும் பெற்றுக்கொள்ளும் தொழில் ஒன்று உண்டென்றால் அது கிஃப்ட் கார்டு விற்பதுதான். வங்காளத் தலைநகரின் பவானிபூரில் ஒரு பெரிய கடையின் மூன்றாம் மாடியில் அந்தத் தொழிலை ஆறு ஆண்டுகள் செய்தேன். துணி, பாத்திரம், மின்சாரச் சாமான் என்று சகலமும் விற்கும் கடை, பெயர் வேண்டாம். பொருளாதாரத்தில் முதுகலைப் பட்டம் பெற்றவள் அந்தக் கவுண்டரில் என்ன செய்கிறாள் என்று என் அப்பாவின் வங்கி நண்பர்கள் கேட்பதுண்டு. படித்த பாடத்தின் செய்முறை வகுப்பு என்று பதில் சொல்வேன்.

இதைப் படிக்கும் உங்கள் கைப்பையிலும் ஒரு கார்டு கிடக்கும். யாரோ கொடுத்தது, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நீங்கள் செருகி வைத்தது. அதை எடுத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு பின்பக்கத்தைப் பார்த்துவிட்டு மேலே படியுங்கள். நான் சந்தித்தவர்களில் பெரும்பாலோர் வங்காள மொழியில் பேசியவர்கள். அவர்களை இங்கே தமிழில் பேச வைத்திருக்கிறேன்; சொன்னதை மாற்றவில்லை.

மார்ச்சில் வாங்கிய பூஜோ பரிசு

நிதியாண்டின் கடைசி நாள், கடை மூடுவதற்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது ஓர் அதிகாரி மூச்சிரைக்க வந்தார். சால்ட் லேக் அலுவலகங்களுக்குத் துப்புரவுப் பணியாளர்களை அனுப்பும் ஒப்பந்த நிறுவனம் அவருடையது. ஊழியர்களுக்குப் பூஜோ, அதாவது துர்க்கை பூஜை, அன்பளிப்பாகக் கொடுக்க ஒரு பெட்டி நிறையக் கார்டுகள் வேண்டும். ஒதுக்கிய தொகை அன்றைக்குள் செலவாகிவிட வேண்டும். எல்லாக் கார்டுகளும் அன்றே இயக்கத்துக்கு வந்துவிட வேண்டும். இல்லையென்றால் தணிக்கையில் கேள்வி வரும் என்றார்.

எங்கள் கார்டின் ஆயுள், இயக்கிய நாளிலிருந்து ஆறு மாதம். இந்த முறை பூஜோ செப்டம்பர் கடைசியில் தொடங்குகிறது என்பதைக் காலண்டரில் விரல் வைத்துக் காட்டினேன். "இன்று வாங்கிக்கொள்ளுங்கள், செப்டம்பரில் வந்தால் நானே இயக்கித் தருகிறேன்" என்றேன். இயங்காத கார்டை அவருடைய கணக்குப் பிரிவு செலவாக ஏற்காதாம். நான் கார்டுகளை ஒவ்வொன்றாக இயந்திரத்தில் தேய்த்தேன். ஒவ்வொரு தேய்ப்பிலும் ஒரு கடிகாரம் ஓடத் தொடங்கியது. அவர் பெட்டியை அணைத்தபடி லிஃப்டுக்குள் நுழைந்து, கதவு மூடுமுன் சொன்னார்: "பூஜோவுக்குக் கொடுக்கிறது எங்க வேலை, தீதி. தேதி உங்க வேலை."

படிக்க முடியாத வரி

நாட்டின் மத்திய வங்கி இந்த விஷயத்தில் விதி வகுத்திருக்கிறது. வங்கிகளும் அனுமதி பெற்ற பிறரும் வெளியிடும் கார்டு குறைந்தது ஓராண்டு செல்ல வேண்டும். காலம் முடியப்போகிறது என்று முன்கூட்டியே எச்சரிக்கவும் வேண்டும். ஆனால் தன் கடைக்குள் மட்டும் செல்லும் கார்டை ஒரு கடை தானே அச்சடித்துக்கொண்டால் அந்த விதி கடையின் வாசற்படி ஏறுவதில்லை. பொதுவான நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் மட்டும் ஏறும். அதுவும் யாராவது கையைப் பிடித்து அழைத்துவந்தால்.

எங்கள் கார்டு சிவப்பு. முன்பக்கம் பொன்னிறத்தில் துர்க்கையின் கண்கள். பின்பக்கம் எறும்பின் கால் பருமனில் பத்து வரிகள். அவற்றில் ஆறாவது, "இயக்கிய நாளிலிருந்து ஆறு மாதம்" என்பது. இயக்கிய நாள் எதுவென்று கார்டில் எங்கும் இருக்காது. அதை இயந்திரம் மட்டுமே அறியும், அந்த இயந்திரமோ எங்களிடம் இருந்தது. எங்கள் மேலாளரைக் கடையில் எல்லோரும் நீலுதா, அதாவது நீலு அண்ணன், என்றே அழைப்போம். முடியும் தேதியைப் பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும் என்று அவரிடம் எழுத்து மூலமாகக் கேட்டேன். அவர் கெட்டவரல்லர், தேநீர் வாங்கிக்கொடுத்துவிட்டுத்தான் மறுப்பார். அன்றும் மண் குவளையை என் பக்கம் நகர்த்திவிட்டுச் சொன்னார்: "தேதியைப் பெருசா போட்டா எல்லாரும் படிச்சிடுவாங்களே, சாரதா!"

நான் செய்த தவறு

மகாலயா அமாவாசைக்கு மறுநாள். பூஜோவுக்கு முந்தைய அந்த வாரத்தில் பவானிபூர் கடைகளில் மூச்சு விடுவதற்கே வரிசையில் நிற்க வேண்டும். நாற்பதை நெருங்கும் ஒரு பெண், நீலச் சீருடைமேல் துப்பட்டா போர்த்தியவள், என் சட்டையில் குத்தியிருந்த பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தாள். "சாரதா ராமநாதன். அக்கா, தமிழா?" என்றாள். அவள் பெயர் செல்வி. அப்பா கரக்பூரில் ரயில்வே தொழிலாளி. இவள் சால்ட் லேக் செக்டர் ஃபைவ் அலுவலகம் ஒன்றில் மதியம் வரை துப்புரவு வேலை. மாலையில் அங்கே தங்கியிருக்கும் தென்னிந்தியப் பிள்ளைகளின் வீடுகளுக்கு இட்லி மாவு கொடுக்கிறாள். பிழைப்பு மாவில்தான், சம்பளம் வாடகைக்கே சரியாகிவிடும்.

"கிரைண்டர் மோட்டார் எரிஞ்சு போச்சுக்கா. மிக்ஸியில அரைக்கிறேன், மாவு சூடாயிடுது, பொங்க மாட்டேங்குது. பதினாறு வீட்டுக்குக் குடுத்திட்டிருந்தேன், இப்ப ஒன்பதுதான்" என்று சொல்லி அந்தச் சிவப்புக் கார்டை நீட்டினாள். கம்பெனி கொடுத்த பூஜோ பரிசு. அதில் ஒரு கல் கிரைண்டர் வாங்கும் அளவுக்குத் தொகை இருந்தது. கடையில்தான் கிரைண்டர் இல்லை. கோயம்புத்தூரிலிருந்து அது எங்களுக்குத் தீபாவளிக்கு ஒரு வாரம் முன்புதான் வரும். இந்த ஊரில் அதைக் கேட்பவர்கள் அப்போதுதான் கடைக்கு வருவார்கள். நான் சொன்னேன்: "காத்திருங்க. வேற எதுலயும் செலவழிச்சுடாதீங்க. வந்ததும் நானே போன் பண்றேன்." எண்ணை எழுதிக்கொண்டேன்.

"அதுவரைக்கும் கார்டு செல்லுமாக்கா?" என்று அவள் கேட்டாள். கேட்டாள் என்பதை இங்கே அழுத்திச் சொல்கிறேன். கார்டை வாங்கி ஒரு முறை தேய்த்திருந்தால் இன்னும் எட்டு நாள்தான் என்று திரை சொல்லியிருக்கும். பின்னால் வரிசை முண்டியது. வங்காளிகள் பூஜோவுக்கு முன் செலவழிப்பார்கள், நாம் தீபாவளிக்கு எடுத்து வைப்போம். மூன்று தலைமுறையாக இந்த ஊரில் இருந்தும் எங்கள் வீட்டில் அப்படித்தான். கவுண்டருக்குப் பின்னால் அந்த நிமிடம் நின்றது கடையின் ஊழியர் அல்ல, அந்த வீட்டுப் பெண். "பூஜோவுக்குக் குடுத்த கார்டு தீபாவளிக்குச் செல்லாமலா போயிடும்?" என்று சிரித்தேன். மார்ச் மாதத்துப் பெட்டி என் நினைவின் எந்த மூலையிலும் இல்லை. செல்வி கார்டைக் கைக்குட்டையில் சுற்றி ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்: "நீங்க சொன்னா சரிக்கா. நம்ம பாஷை பேசுறவங்க நமக்குத் தப்பாவா சொல்லப்போறீங்க?"

திரை சொன்ன தேதி

கிரைண்டர்கள் வந்தன. சொன்னபடி போன் செய்தேன். அடுத்த பேருந்தில் வந்துவிட்டாள். ஒன்றைத் தேர்ந்தெடுத்து, கல்லைக் கையால் சுழற்றிப் பார்த்து, கவுண்டர் மேல் வைக்கச் செய்துவிட்டுக் கைக்குட்டையைப் பிரித்தாள். நான் கார்டைத் தேய்த்தேன். திரையில் சிவப்புப் பட்டை விழுந்தது. காலாவதி, செப்டம்பர் முப்பது. அஷ்டமியன்று, நகரமே புதுத்துணி உடுத்திப் பந்தல் பந்தலாக அலைந்துகொண்டிருந்த நாளில், அந்தக் கார்டு கைக்குட்டைக்குள்ளேயே முடிந்துபோயிருந்தது. மறுபடி தேய்த்தேன். இயந்திரங்கள் இரக்கப்படுவதில்லை என்று தெரிந்தும் மூன்றாம் முறையும் தேய்த்தேன்.

நீலுதாவை அழைத்தேன். "தவறு என்னுடையது, நான்தான் காத்திருக்கச் சொன்னேன்" என்று எல்லோர் முன்பும் சொன்னேன். அவர் கார்டைத் திருப்பி ஆறாவது வரியின்மேல் நகத்தை வைத்தார். கணினி இதைத் திறக்காது, யாராலும் எதுவும் செய்ய முடியாது என்றார். வரிசையில் நின்ற ஒருவர் உச்சுக்கொட்டினார்; இன்னொருவர் நேரமாகிறது என்றார். செல்வி அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும். இப்போது ஐந்து வீடுகள்தான் மிச்சம் என்று மட்டும் சொன்னாள். கிரைண்டரைக் கவுண்டரிலிருந்து தானே தூக்கிக் கீழே வைத்தாள். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள்: "கார்டு செத்துப்போச்சு, சரி. உள்ள இருந்த பணம் இப்ப யாருகிட்டக்கா உயிரோட இருக்கு?"

ஐந்து நிமிட அதிசயம்

மறுநாள் முற்பகல், முத்துமாலை அணிந்த ஓர் அம்மையார் அதே சிவப்புக் கார்டுடன் வந்தார். தேய்த்தேன், அதே பட்டை. ஆகஸ்டிலேயே முடிந்துவிட்ட கார்டு. மரியாதையாகச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. கைபேசியில் யாரிடமோ இரண்டு வாக்கியம் பேசினார். சற்று நேரத்தில் நீலுதா மாடிப்படியில் ஏறக்குறைய ஓடிவந்தார். என் நாற்காலியில் உட்கார்ந்து, நான் அதுவரை பார்த்திராத ஒரு பக்கத்தைத் திரையில் திறந்து, தேதியை மாற்றினார். சிவப்புப் பட்டை பச்சையானது.

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல் அம்மையாருக்கு வணக்கம் சொன்னார். என்னுடைய முகம் எப்படி இருந்ததோ தெரியவில்லை, அந்த அம்மையாருக்கே என்மேல் இரக்கம் வந்துவிட்டது. என் கையைத் தட்டிக்கொடுத்து ஆறுதலாகச் சொன்னார்: "நீங்க புதுசு போலிருக்கு. போன வருஷமும் இப்படித்தான் ஆச்சு, அஞ்சு நிமிஷத்துல சரி பண்ணிட்டாங்க!"

ஒரு கையெழுத்து

அன்று மதிய இடைவேளையில் செல்விக்குப் போன் செய்தேன். அலிப்பூரில் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, இவ்வளவு சிறிய தொகைக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை என்றேன். "உங்க மேலயும்ல எழுதணும்?" என்று தயங்கினாள். "என் பேரை முதல் வரியிலயே எழுதுங்க" என்றேன். மாவு வாங்கும் வீட்டுப் பெண்ணொருத்தி புகாரை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தாள். குளிர்காலம் போவதற்குள் கடைக்கு நோட்டீஸ் வந்தது.

அடுத்த வாரம் நீலுதா என்னைத் தன் அறைக்கு அழைத்தார். தேநீர் வந்தது. கடையின் வக்கீல் தயாரித்த பிரமாணப் பத்திரம் மேசைமேல் இருந்தது. "புகார்தாரருக்குக் கார்டு முடியும் தேதியை நான் வாய்மொழியாகத் தெளிவாக விளக்கினேன்" என்று அதில் நான் சொல்லியிருந்தேன். கீழே என் பெயர். மேலே கையெழுத்துக்கு இடம். "இது நடக்கவில்லை" என்றேன். "யாருக்கு ஞாபகம் இருக்கும்?" என்றார். "எனக்கு." பேனாவை மூடி மேசைமேல் வைத்தேன். என் வீட்டில் சம்பாதிப்பவள் நான் ஒருத்தி என்பது அவருக்குத் தெரியும். அவர் குரலை உயர்த்தவே இல்லை: "ஒரே ஒரு கையெழுத்து, சாரதா. உன் கான்ட்ராக்ட் புதுப்பிக்கிற தாள்ல நானும் ஒண்ணு போடணும், இல்லையா?"

அலிப்பூரில் ஃபைல் தூக்கியவள்

நான் மறுத்த பத்திரத்தை நீலுதா தன் பெயரில் திருத்திக் கொடுத்துவிட்டார்: "எங்கள் ஊழியர் விளக்கினார்" என்று. விசாரணை நாளன்று பழைய பில் கட்டுகளைத் தேடி எடுத்துக் கொடுக்க ஆள் தேவைப்பட்டது. எது எங்கே இருக்கிறது என்பது எனக்கு மட்டுமே தெரியும். அதனால் கடைசி பெஞ்சில், மடியில் ஃபைலுடன் உட்கார்ந்திருந்தேன். முன்னால் செல்வி; அதே நீலச் சீருடை. வீடுகள் மூன்றாகிவிட்டன என்று தாழ்வாரத்தில் சொல்லியிருந்தாள்.

எங்கள் வக்கீல் திறமைசாலி. கார்டுக்குப் பணம் கொடுத்தது ஒப்பந்த நிறுவனம், ஆகவே இந்தப் பெண் நுகர்வோரே இல்லை என்றார். வாங்கியவரின் சம்மதத்தோடு பயன்படுத்துபவரும் நுகர்வோர்தான் என்று ஆணையத்தின் பெண் தலைவர் சட்டத்தைப் பார்க்காமலே சொன்னார். மாவு விற்பது வணிகம், வணிகத்துக்கு வாங்கும் பொருளுக்கு இங்கே இடமில்லை என்றார் வக்கீல். தன் கையால் உழைத்துப் பிழைப்பவருக்கு அந்தத் தடை இல்லை என்று பதில் வந்தது. வக்கீல் தன் கடைசிச் சீட்டை எடுத்தார்: தேதி வாய்மொழியாக விளக்கப்பட்டது. தலைவர் தாள்களைப் புரட்டினார். "விளக்கிய ஊழியரின் பிரமாணம் இதில் இல்லையே. அவர் எங்கே?"

நான் பெஞ்சின் விளிம்புக்கு நகர்ந்தேன். மடியிலிருந்த ஃபைல் சரிந்து பில்கள் தரையெங்கும் பரவின. அவற்றைப் பொறுக்காமல் எழுந்து நின்றேன். "நான்தான் அந்த ஊழியர். தேதியை நான் சொல்லவில்லை. கார்டு செல்லுமா என்று இவர் கேட்டார். இயந்திரத்தில் பார்க்காமலே செல்லும் என்றேன். விளக்கியதாக எழுதித் தந்த பத்திரத்தில் கையெழுத்துப் போட மறுத்தேன்" என்றேன். முடிந்த கார்டை மீட்க வழியே இல்லையா என்று தலைவர் கேட்டார். "உண்டு. ஐந்து நிமிடம் ஆகும். மறுநாளே வேறொருவருக்கு ஆனதைப் பார்த்தேன்" என்றேன். அந்த ஐந்து நிமிடம் இந்தப் பெண்ணுக்கு ஏன் கிடைக்கவில்லை என்பதை அடுத்த தேதியில் எழுத்து மூலம் சொல்லுமாறு வக்கீலுக்கு உத்தரவானது.

நீலுதா எனக்கு முன்னால் படியிறங்கினார். வாசலில், தேநீர்க் கடையைத் தாண்டிய பிறகு நின்றார். அன்று அவர் தேநீர் வாங்கித் தரவில்லை. கோபத்தைவிட அவர் முகத்தில் தெரிந்தது திகைப்பு: "உன்னை நான் ஃபைல் தூக்கத்தானே கூட்டிட்டு வந்தேன், சாரதா!"

மாவு பாக்கெட்

அடுத்த தேதிக்குக் காத்திராமல் கடை சமரசத்துக்கு வந்தது. செல்விக்குக் கிரைண்டரும், அவள் இழந்த வீடுகளுக்காகச் சிறு தொகையும் கிடைத்தன. அவளோடு வேலை செய்யும் மற்றவர்களின் முடிந்த கார்டுகளும் பச்சையாயின. அதைத் தனி நிபந்தனையாக எழுதச் சொன்னவள் செல்வி, நானல்ல. இப்போது எங்கள் கார்டுகளின் முன்பக்கத்திலேயே, துர்க்கையின் கண்களுக்குக் கீழே, முடியும் தேதி ரப்பர் முத்திரையில் விழுகிறது. கொஞ்சம் கோணலாகத்தான் விழுகிறது. ஆனால் படிக்க முடிகிறது.

என் ஒப்பந்தத்தையும் நீலுதா புதுப்பித்தார். ஆறு மாதத்துக்கு. மூன்றாம் மாடியிலிருந்து தரைத்தளத்துக்கு அனுப்பினார். உள்ளே வருபவர்களின் பைகளை வாங்கி வைத்து டோக்கன் கொடுக்கும் இடம். போன வாரம் செல்வி வந்தாள். வாங்குவதற்கு ஒன்றுமில்லை, பதினோரு வீடு ஆகிவிட்டதைச் சொல்லத்தான் வந்தாள். ஒரு மாவு பாக்கெட்டை என் முன்னால் வைத்தாள். மேலே கறுப்பு மையில், ஒரு கை அகலத்துக்குத் தேதி எழுதியிருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டு சிரித்தாள்: "மூணு நாளுக்குள்ள ஊத்தித் தின்னுடுங்கக்கா. அப்புறம் புளிச்சுப் போச்சுன்னு என்னை அலிப்பூருக்கு இழுக்கக் கூடாது, ஆமா!"

இந்தக் கடையில் நான் இதுவரை மனிதர்கள் கையில் கொடுத்தவற்றுள் காலாவதியே ஆகாதது இந்தப் பித்தளை டோக்கன் ஒன்றுதான்; முதல் நாளே இரு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டேன்.